கல்லூரி கோச் என்றால் பி.டி. மாஸ்டர் மாதிரியா? ஏப்ரல் ஹைன்ரிக்ஸை வைத்து ஒரு பதில்

கேள்வி சுருக்கமாக இதுதான்: அண்ணன் மகள் அமெரிக்காவில் ஒரு கல்லூரியின் பெண்கள் சாக்கர் (கால்பந்து) அணியில் நான்கு வருடம் ஆடியிருக்கிறாள். இந்த ஆண்டோடு படிப்பும் ஆட்டமும் முடிகின்றன. "கல்லூரி கோச் ஆகப்போகிறேன்" என்று சொல்கிறாள். வீட்டில் எல்லோருக்கும் கவலை. கல்லூரி கோச் என்றால் நம்ம ஊர் பி.டி. மாஸ்டர் மாதிரிதானே, ஆடி முடித்தவர்கள் வேறு வழியில்லாமல் போய் உட்காரும் இடம்தானே, அதில் முன்னேற்றம் என்று ஏதாவது இருக்கிறதா?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம்ம ஊர் பி.டி. மாஸ்டர்கள் பலர் எவ்வளவு பெரிய வேலையைச் செய்தவர்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களைக் குறைத்துப் பேசுவதற்காக இதை எழுதவில்லை. ஆனால் அமெரிக்காவில் கல்லூரி கோச் என்பது வேறு வேலை. பெண்கள் கால்பந்தைப் பொறுத்தவரை, ஆட்டமே கல்லூரியில்தான் வளர்ந்தது. ரொம்ப காலம் அதற்கு மேலே ஏறிப்போக ஏணியே கிடையாது. அதனால் "இறக்கம்" என்ற சொல் இங்கே பொருந்தாது. இதைப் புரிந்துகொள்ள ஏப்ரல் ஹைன்ரிக்ஸ் என்ற ஒருவரின் வாழ்க்கையைப் பார்த்தால் போதும்.

1964-இல் டென்வரில் பிறந்து, பக்கத்தில் லிட்டில்டனில் வளர்ந்தவர். 1983-இல் நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தில், சாப்பல் ஹில்லில், முதல் சீசன் ஆடுகிறார். அதற்குப் பதினோரு வருடம் முன்புதான், 1972-இல், 'டைட்டில் நைன்' என்ற சட்டம் வந்திருந்தது. மத்திய அரசின் பணம் வாங்கும் எந்தக் கல்வி நிறுவனமும் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக்கூடாது என்பது அதன் சாரம். சட்டத்தில் விளையாட்டு என்ற வார்த்தை கூட இல்லை. ஆனால் கல்லூரி விளையாட்டை அது தலைகீழாகப் புரட்டிவிட்டது. ஆண்கள் அணிக்குச் செலவழித்தால் பெண்கள் அணிக்கும் செலவழிக்க வேண்டும் என்றானதும், கல்லூரிகள் புதிதாகப் பெண்கள் அணிகளைத் தொடங்கின. நார்த் கரோலினா 1979-இல் தொடங்கியது. ஆன்சன் டொரன்ஸ் என்பவர் கோச். தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. பெண்கள் சாக்கருக்கு முதன்முதலாகச் சாம்பியன்ஷிப் நடத்தியது 1982-இல். ஹைன்ரிக்ஸ் வந்து சேர்ந்தது அடுத்த வருடம்.

நான்கு வருடத்தில் 90 ஆட்டம், 87 கோல், 51 அசிஸ்ட் (மற்றவர் கோல் அடிக்கப் பந்தை எடுத்துக்கொடுத்தது). 1983, 1984, 1986 என்று மூன்று சாம்பியன் பட்டம். அந்த நான்கு வருடத்தில் அணி தோற்றது மூன்றே ஆட்டம். அவற்றில் ஒன்று 1985-இன் இறுதி ஆட்டம், ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்திடம்.

இந்த எண்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது டொரன்ஸ் பலமுறை சொல்லியிருக்கும் ஒரு கதை. ஹைன்ரிக்ஸ் முதல் வருட மாணவி. பயிற்சியிலேயே இறுதி ஆட்டம் மாதிரி மோதுவார். பந்தை விட்டுக்கொடுக்க மாட்டார், தோழி என்று பார்க்க மாட்டார். சீனியர்கள் சிலர் கோச்சிடம் போய், இந்தப் பெண்ணை என்ன செய்யப்போகிறீர்கள் என்று முறையிட்டார்கள். அந்தக் காலத்தில் பெண்கள் அணி என்றால் எல்லோரும் அனுசரித்துப் போக வேண்டும், ஒருத்தி மட்டும் முட்டிமோதி முன்னால் நிற்பது நல்ல குணம் இல்லை என்ற எண்ணம் அமெரிக்காவிலும் இருந்தது. டொரன்ஸ் அந்தப் பெண்ணை அடக்கவில்லை. இவரைப் போலவே இன்னும் பலரை உருவாக்கத்தான் போகிறேன் என்ற பொருளில் பதில் சொன்னார். பயிற்சியில் நடக்கும் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, யார் முதல், யார் கடைசி என்று எல்லோர் கண்ணிலும் படும்படி பட்டியல் ஒட்டுவது அவர் அணியின் வழக்கம். நார்த் கரோலினா ஆண்கள் கூடைப்பந்துக் கோச் டீன் ஸ்மித்தின் பயிற்சியைப் பார்த்து எடுத்துக்கொண்டது அது. அந்த முறைக்கு அச்சு வார்த்தாற்போல் பொருந்தினார் ஹைன்ரிக்ஸ்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1986-இல் கல்லூரி ஆட்டம் முடிகிறது. நாட்டிலேயே சிறந்த வீராங்கனை. அவருக்கு முன்னால் என்ன இருந்தது?

அமெரிக்காவில் பெண்களுக்கு லீக் இல்லை. முழுநேரத் தொழிலாகச் சம்பளம் வாங்கி ஆட ஒரு அணி கூட இல்லை. தேசிய அணி உண்டு, ஆனால் அதன் முதல் ஆட்டமே 1985 ஆகஸ்டில்தான், இத்தாலியின் ஜெசோலோவில், இத்தாலியிடம் 1-0 தோல்வி. அடுத்த வருடம் டொரன்ஸ் தேசிய அணிக்கும் கோச் ஆனார், ஹைன்ரிக்ஸும் அணிக்குள் வந்தார். அப்போது தேசிய அணி வீராங்கனைகளுக்குக் கிடைத்தது நாள்படியாக 10 டாலர். வருடத்தில் சில வாரங்கள் கூடுவார்கள், ஆடுவார்கள், கலைவார்கள். மீதி நாளெல்லாம் சாப்பாட்டுக்கு வேறு வழி பார்க்க வேண்டும். அந்த வழி எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்? பந்தோடு இருக்க வேண்டும், மைதானம் கிடைக்க வேண்டும், தேசிய முகாம் வந்தால் லீவு கொடுக்க வேண்டும். அப்படிப்பட்ட வேலை கல்லூரி கோச் வேலை ஒன்றுதான்.

ஆகவே அவர் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் அசிஸ்டென்ட் கோச் ஆனார். 1990-இல் பிரின்ஸ்டனில் தலைமைக் கோச். 1991-இல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் தலைமைக் கோச். அதாவது, ஆட்டத்தை விட்டுவிட்டு கோச் ஆனவர் இல்லை அவர். கோச்சாக இருந்ததால்தான் ஆடிக்கொண்டே இருக்க முடிந்தது.

1991 நவம்பரை நினைத்துப் பாருங்கள். முதல் பெண்கள் உலகக் கோப்பை, சீனாவில். உலகக் கோப்பை என்று பெயர் வைக்கக்கூட ஃபிஃபாவுக்கு அப்போது மனம் வரவில்லை, பெண்கள் கால்பந்துக்கான உலக சாம்பியன்ஷிப் என்று சுற்றி வளைத்துப் பெயரிட்டார்கள். ஆட்டமும் 90 நிமிடம் இல்லை, 80 நிமிடம்தான். பெண்கள் 90 நிமிடம் ஓடினால் தாங்க மாட்டார்கள் என்று யாரோ முடிவு செய்திருந்தார்கள். அதில் அமெரிக்க அணியின் கேப்டன் ஏப்ரல் ஹைன்ரிக்ஸ். ஊரில் அவர் மேரிலாண்ட் அணியின் கோச். முழங்கால் ஏற்கெனவே மக்கர் செய்ய ஆரம்பித்திருந்தது.

முன்வரிசையில் மூன்று பேர்: மிஷெல் ஏகர்ஸ், கேரின் ஜென்னிங்ஸ், ஹைன்ரிக்ஸ். சீனப் பத்திரிகைகள் இவர்களை மூன்று முனை வாள் என்று அழைத்தன. பிரேசிலை 5-0 என்று வென்ற ஆட்டத்தில் ஹைன்ரிக்ஸ் இரண்டு கோல் அடித்தார். அரையிறுதியில் ஜெர்மனிக்கு எதிராக ஜென்னிங்ஸ் முதல் பாதியிலேயே மூன்று அடித்துவிட, இரண்டாம் பாதியில் ஹைன்ரிக்ஸ் இரண்டு அடித்தார். 5-2. நவம்பர் 30 அன்று குவாங்சோவில் இறுதி ஆட்டம், நார்வேயோடு. ஏகர்ஸ் இரண்டு கோல், 2-1. இரண்டாவது கோல் விழுந்தபோது ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்தான் பாக்கி. அறுபதாயிரம் பேருக்கு மேல் கூடியிருந்த அரங்கத்தில், உலகப் பட்டம் வாங்கிய முதல் பெண்கள் அணியின் கேப்டனாக நின்றவர் அவர்.

அதோடு முழங்கால் அவரை நிறுத்திவிட்டது. வயது 27. இன்றைக்கு இருக்கிற மருத்துவமும் லீகும் அன்று இருந்திருந்தால் இன்னும் ஐந்தாறு வருடம் ஆடியிருப்பார் என்று நான் நம்புகிறேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. ஆனால் போய்ச் சேர அவருக்கு ஒரு வேலை காத்திருந்தது, அதிலும் அவர் பாதி வழி வந்துவிட்டவர்.

சரி, அந்த வேலை என்ன வேலை? இதைத்தான் உங்கள் வீட்டில் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் நார்த் கரோலினாவில் கேரி என்ற ஊரில் இருக்கிறேன். தமிழ் வீடுகள் நிறைய உள்ள ஊர், வார இறுதியில் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கும் சாக்கர் மைதானத்துக்கும் மாறிமாறி ஓட்டிக்கொண்டு போவது இங்கே எல்லோருக்கும் பழக்கம். கிளப் அணிகளின் பெரிய டோர்னமெண்ட் ஒன்றுக்குப் போனால் ஒரு காட்சி தெரியும். பெற்றோர் ஒரு பக்கம் குடையும் ஐஸ் பெட்டியுமாக உட்கார்ந்திருப்பார்கள். எதிர்ப்பக்கக் கோட்டருகே மடக்கு நாற்காலிகளில் பத்து, பதினைந்து பேர் தனியாக இருப்பார்கள். ஒவ்வொருவர் சட்டையிலும் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர். மடியில் நோட்டு. கோல் விழுந்தால் கைதட்ட மாட்டார்கள். பந்து இல்லாத பக்கத்தில் ஒரு பெண் என்ன செய்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். தவறு செய்தபின் தலையைத் தொங்கப்போடுகிறாளா, திரும்பி ஓடுகிறாளா என்று பார்ப்பார்கள். இவர்கள்தான் கல்லூரி கோச்சுகள். ஒரு முறை என் மகளின் ஆட்டத்தில் அவர்களில் ஒருவருக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாற்றி வெளியே எடுக்கப்பட்ட ஒரு பெண் பெஞ்சுக்கு வந்து தண்ணீர் பாட்டிலைத் தூக்கி எறிந்தாள். அந்தக் கோச் நோட்டைத் திறந்து அவள் சட்டை எண்ணைக் கோடு போட்டு அடித்துவிட்டார். அவ்வளவுதான். அந்தப் பெண் முதல் பாதியில் இரண்டு கோல் அடித்தவள்.

இதற்குப் பெயர் ரெக்ரூட்டிங், அதாவது அணிக்கு ஆள் தேர்ந்தெடுப்பது. கல்லூரி கோச்சின் வேலையில் பாதிக்கு மேல் இதுதான். களத்தில் விசில் ஊதுவது மிச்சப் பாதியில் ஒரு பகுதி. டிவிஷன் 1 என்ற மேல்மட்டத்தில் பெண்கள் சாக்கர் அணி ஒன்றுக்குப் பல வருடம் 14 முழு ஸ்காலர்ஷிப் என்பதே வரம்பாக இருந்தது. அணியிலோ இருபத்தைந்து, இருபத்தெட்டுப் பேர். அந்தப் பணத்தை யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பது கோச். மாணவி தேர்வில் தேறுகிறாளா என்று பார்ப்பது கோச். சீசன் நேரத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்று விதி, அதற்குக் கணக்கு வைப்பதும் கோச். ஆகஸ்டில் தொடங்கி டிசம்பர் முதல் வாரத்துக்குள் முழு சீசனும் முடிந்துவிடும், சில வாரங்களில் மூன்று நாளுக்கு ஓர் ஆட்டம். பஸ்ஸிலேயே பாதி வாழ்க்கை. பிறகு வசந்தகாலப் பயிற்சி, கோடையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு முகாம், ஊர் ஊராக ரெக்ரூட்டிங். தோற்றால் வேலை போகும். பி.டி. மாஸ்டர் வேலையில் இல்லாத ஒரு பயம் அது.

ஹைன்ரிக்ஸின் பாதையில் இந்த வேலையின் படிகள் தெளிவாகத் தெரியும். பிரின்ஸ்டன், ஐவி லீக் என்ற பழைய, பெயர்பெற்ற கல்லூரிகளின் கூட்டத்தில் ஒன்று, அங்கே விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் தரவே மாட்டார்கள். மேரிலாண்ட் ஸ்காலர்ஷிப் தரும் பல்கலைக்கழகம், அப்போது அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் இருந்தது. கான்ஃபரன்ஸ் என்றால் ஒன்றோடொன்று ஆடும் கல்லூரிகளின் குழு. அந்தக் கான்ஃபரன்ஸில்தான் நார்த் கரோலினாவும் இருந்தது. ஆக, தன்னை உருவாக்கிய டொரன்ஸுக்கு எதிராக ஒவ்வொரு சீசனும் நிற்க வேண்டும். மேரிலாண்ட் அப்போது பெரிய அணி இல்லை. ஐந்து வருடம் உழைத்து 1995-இல் அந்த அணியை முதன்முறையாக என்.சி.ஏ.ஏ. போட்டிக்குக் கொண்டுபோனார். அந்த வருடம் கான்ஃபரன்ஸின் சிறந்த கோச் விருதும் கிடைத்தது. 1996 முதல் 1999 வரை வர்ஜீனியா பல்கலைக்கழகம். நான்கு சீசனிலும் என்.சி.ஏ.ஏ. போட்டிக்குள் அணி இருந்தது. இதற்கிடையே தேசிய அணிக்கு டோனி டிசிக்கோவின் கீழ் அசிஸ்டென்ட்: 1995 ஸ்வீடன் உலகக் கோப்பை, 1996 ஒலிம்பிக் தங்கம். கோடையில் தேசிய அணி, ஆகஸ்ட் வந்தால் கல்லூரி அணி.

அவர் கோச்சாக ஒரு கல்லூரிப் பட்டம் கூட வென்றதில்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. பட்டத்தை மட்டும் எண்ணினால் பத்தோடு பதினொன்று என்று தாண்டிப் போய்விடலாம். நான் எண்ணுவது வேறு. அவரிடமிருந்து யார் யார் வந்தார்கள் என்பதை.

வர்ஜீனியாவில் அவர் பயிற்றுவித்த ஏஞ்சலா ஹக்கிள்ஸ் 2004, 2008 என்று இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். 2008 பெய்ஜிங்கில் நான்கு கோல். அவர் கல்லூரியில் ஆடிய நான்கு வருடமும் ஹைன்ரிக்ஸ்தான் கோச். ஆனால் இதைவிடப் பெரிய கதை மேரிலாண்டில் அசிஸ்டென்டாக வந்து சேர்ந்த ஒரு பெண்ணின் கதை.

ஜில் எல்லிஸ். இங்கிலாந்தில் போர்ட்ஸ்மத்தில் பிறந்தவர். அங்கே அன்று பெண் பிள்ளைகளுக்கு ஒழுங்கான அணி கிடையாது. பதினைந்து வயதில் குடும்பம் வர்ஜீனியாவுக்கு வந்த பிறகுதான் முறையாக ஆட ஆரம்பித்தார், வில்லியம் அண்ட் மேரியில் ஆடினார். நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்போடு கொஞ்ச காலம் கோச்சாக இருந்தார். அப்புறம் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தில் தொழில்நுட்ப எழுத்தாளர் வேலை. நல்ல சம்பளம், நிரந்தரமான வேலை. நம்ம வீடுகளில் "செட்டில் ஆகிவிட்டாள்" என்று நிம்மதிப் பெருமூச்சு விடுவோமே, அந்த நிலை. ஹைன்ரிக்ஸ் கூப்பிட்டார்: மேரிலாண்டில் என் அசிஸ்டென்டாக வா. அந்த வேலைக்குச் சம்பளம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. வீட்டில் எதிர்ப்பு. அப்பாவே கோச்சாக வாழ்ந்தவர், அந்த வாழ்க்கையின் நிலையாமை தெரிந்தவர். எல்லிஸ் வேலையை விட்டுவிட்டு வந்தார். 1994 அது.

மேரிலாண்டில் சேர்ந்த எல்லிஸ், ஹைன்ரிக்ஸோடு வர்ஜீனியாவுக்கும் போனார். பிறகு இல்லினாய் பல்கலைக்கழகம் பெண்கள் அணியைப் புதிதாகத் தொடங்கியபோது அதன் முதல் தலைமைக் கோச். 1999 முதல் 2010 வரை லாஸ் ஏஞ்சலஸில் உள்ள யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகம். அதன்பின் அமெரிக்க தேசிய அணியின் கோச்சாக 2015, 2019 என்று இரண்டு உலகக் கோப்பை. பெண்கள் உலகக் கோப்பையை இரண்டு முறை வென்ற கோச் அவர் ஒருவர்தான். உலகத்தின் மிக உயர்ந்த இடத்துக்குப் போன அந்தப் பாதை ஆரம்பித்தது மேரிலாண்டில் ஓர் அசிஸ்டென்ட் நாற்காலியில். உங்கள் அண்ணன் மகள் தேடப்போவதும் அதே மாதிரி ஒரு நாற்காலிதான்.

ஹைன்ரிக்ஸுக்கே திரும்பி வருகிறேன். ரோஜாப்பூ மட்டும் காட்டி முள்ளை மறைத்தால் அது உங்களுக்கு உதவாது.

2000 ஜனவரியில் அவர் அமெரிக்கப் பெண்கள் தேசிய அணியின் தலைமைக் கோச் ஆனார். வயது 35. அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். அவர் எந்த அணியை எடுத்துக்கொண்டார் என்று பாருங்கள்: 1999-இல் சொந்த மண்ணில், ரோஸ் போல் அரங்கத்தில் உலகக் கோப்பை வென்ற அணி. மியா ஹாம், ஜூலி ஃபவுடி, கிறிஸ்டின் லில்லி, ஜாய் ஃபாசெட். பெயரைச் சொன்னால் தெருவில் பிள்ளைகள் ஓடி வருவார்கள். இவர்களில் சிலர் 1991-இல் கேப்டன் ஹைன்ரிக்ஸோடு தோளோடு தோள் நின்று ஆடியவர்கள். நேற்றுவரை பக்கத்தில் ஓடிய தோழி இன்று வந்து "நீ இந்த ஆட்டத்தில் பெஞ்சில் உட்கார்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? மூத்த வீராங்கனைகளுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை என்ற செய்திகள் அந்த வருடங்களில் வந்துகொண்டே இருந்தன.

களத்திலும் எளிதாக அமையவில்லை. சிட்னி ஒலிம்பிக் இறுதி ஆட்டம், 2000 செப்டம்பர் 28. நார்வே 2-1 என்று முன்னால் நிற்கிறது. 90 நிமிடம் முடிந்து, விரயமான நேரத்துக்காகச் சேர்த்த நிமிடத்தில் அமெரிக்காவின் டிஃபனி மில்பிரெட் தலையால் முட்டிச் சமன் செய்கிறார். அன்றைய விதிப்படி கூடுதல் நேரத்தில் முதல் கோல் அடிப்பவர் வென்றார், ஆட்டம் அங்கேயே முடியும். நார்வேயின் டாக்னி மெல்க்ரன் என்ற மாற்று வீராங்கனை அடித்துவிட்டார். பந்து அவர் கையில் பட்டது என்று அமெரிக்காவில் இன்றும் சொல்பவர்கள் உண்டு. வெள்ளிப் பதக்கம். 2003 உலகக் கோப்பை சார்ஸ் நோயால் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்கு மாற்றப்பட்டது. சொந்த ஊர், சொந்தக் கூட்டம், ஆனால் அரையிறுதியில் ஜெர்மனியிடம் 3-0. மூன்றாம் இடம்.

வேறு எந்த நாட்டிலும் வெள்ளியும் வெண்கல இடமும் வாங்கிய கோச்சுக்கு மாலை போடுவார்கள். அமெரிக்கப் பெண்கள் அணிக்குத் தங்கம் இல்லையென்றால் அது தோல்வி. 2004 ஏதென்ஸ் அவருக்குக் கடைசி வாய்ப்பு மாதிரி ஆகிவிட்டது. இறுதி ஆட்டத்தில் பிரேசில் பந்தைக் கம்பத்தில் அடித்தது, திரும்பத் திரும்ப நெருக்கியது, மார்த்தாவுக்கு அப்போது பதினெட்டு வயது. 1-1. கூடுதல் நேரம், 112-ஆவது நிமிடம், கார்னர், ஏபி வாம்பாக்கின் தலை. 2-1. ஹாம், ஃபவுடி, ஃபாசெட் மூவருக்கும் அதுதான் கடைசிப் பெரிய போட்டி. பெண்கள் கால்பந்தில் ஒலிம்பிக் தங்கம் வென்ற அணியின் கோச்சாக ஒரு பெண் நின்றது அன்றுதான் முதல் தடவை. அடுத்த பிப்ரவரியில் அவர் பதவி விலகினார். 124 ஆட்டம், 87 வெற்றி, 20 சமன், 17 தோல்வி.

ஆடும்போது அவரைத் தனித்துக் காட்டிய அந்த வேகம், கோச் ஆனபின் அப்படியே உதவவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். தனக்குள் எரிகிற தீ எல்லோருக்குள்ளும் எரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது பெரிய வீராங்கனைகள் கோச் ஆகும்போது வருகிற சிக்கல். முதல் வருடம் கல்லூரியில் சீனியர்கள் போய்ப் புகார் சொன்னார்களே, கிட்டத்தட்ட அதே புகார்தான் இருபது வருடம் கழித்தும் வந்தது. ஆனால் அன்று முடிவெடுக்க வேண்டிய நாற்காலியில் டொரன்ஸ் இருந்தார். இப்போது அந்த நாற்காலியில் அவரே. இதே குணம் ஓர் ஆண் கோச்சிடம் இருந்தால் கண்டிப்பானவர் என்று பாராட்டுவார்கள், பெண்ணிடம் இருந்தால் ஒத்துப்போகாதவர் என்பார்கள். அதையும் கணக்கில் சேர்க்காமல் அவர் காலத்தை எடைபோடுவது நியாயம் இல்லை. அவர் மறைந்துவிடவும் இல்லை. 2011-இல் அமெரிக்க சாக்கர் சம்மேளனம் பெண் பிள்ளைகளின் இளையோர் அணிகளுக்குத் தொழில்நுட்ப இயக்குநராக அவரை நியமித்தது. அதே நேரத்தில் வளர்ச்சி இயக்குநராக வந்தவர் ஜில் எல்லிஸ். பழைய மேரிலாண்ட் ஜோடி. இதற்கு முன்பே, 1998-இல், அமெரிக்க தேசிய சாக்கர் புகழ் மண்டபத்தில் இடம்பெற்ற முதல் வீராங்கனையும் ஹைன்ரிக்ஸ்தான்.

இது ஒருவர் கதை மட்டும்தானா என்று கேட்கலாம். இல்லை. 1991 அணியில் நடுக்களத்தை ஆண்ட ஷானன் ஹிக்கின்ஸ் பின்னாளில் ஜார்ஜ் வாஷிங்டன், பிறகு அதே மேரிலாண்ட் கோச். 1999 அணியின் கேப்டன் கார்லா ஓவர்பெக், தேசிய அணிக்கு ஆடிக்கொண்டிருந்த 1992-இலேயே டியூக் பல்கலைக்கழகத்தில் அசிஸ்டென்டாகச் சேர்ந்துவிட்டார். சிண்டி பார்லோ கோன், நார்த் கரோலினாவில் டொரன்ஸின் அசிஸ்டென்டாக இருந்தவர், 2020-இல் அமெரிக்க சாக்கர் சம்மேளனத்தின் தலைவரே ஆனார். அமாண்டா குரோம்வெல் தேசிய அணியில் ஆடியவர், யு.சி.எல்.ஏ. கோச்சாக முதல் சீசனிலேயே, 2013-இல், பட்டம் வென்றார்.

ஆனால் ஒரு உறுத்தலான உண்மையும் உண்டு. டைட்டில் நைன் வருவதற்கு முன் கல்லூரிப் பெண்கள் அணிகளில் 90 சதவீதத்துக்கு மேல் பெண்கள்தான் கோச். சட்டம் வந்து அணிகள் பெருகி, பட்ஜெட் பெருகி, சம்பளம் நல்லதானதும் ஆண்கள் விண்ணப்பித்தார்கள், எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். பிற்காலத்தில் அந்தப் பங்கு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆடும் பெண்கள் பல மடங்கு கூடினார்கள், அவர்களை நடத்தும் பெண்களின் பங்கு பாதியாகிவிட்டது. பெண்கள் சாக்கர் சாம்பியன்ஷிப் 1982-இல் தொடங்கி, ஒரு பெண் கோச்சின் அணி அதை முதன்முதலாக வென்றது 1998-இல், ஃபுளோரிடாவின் பெக்கி பர்லி. பதினாறு வருடம் ஆயிற்று. அதனால் ஒரு பெண் பிள்ளை வந்து "நான் கோச் ஆகிறேன்" என்று சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 2022 டிசம்பர் 5, எங்கள் ஊர் வேக்மெட் சாக்கர் பார்க்கில் கல்லூரி இறுதி ஆட்டம். நார்த் கரோலினாவும் யு.சி.எல்.ஏ.வும். கூட்டம் முழுக்க வெளிர்நீலம், எங்கள் பக்கம். ஒரு பக்கப் பெஞ்சில் நாற்பது வருடத்துக்கு மேல் அதே அணியை நடத்தி வந்த டொரன்ஸ். மறுபக்கம் மார்கரீட் ஆசாசா, தலைமைக் கோச்சாக அவருக்கு அது முதல் சீசன். அதற்கு முன் ஸ்டான்ஃபோர்டில் பல வருடம் அசிஸ்டென்ட். நார்த் கரோலினா 2-0. கல்லூரி ஆட்டத்தில் கடிகாரம் தலைகீழாக ஓடும், 45-இல் தொடங்கிப் பூஜ்யத்தை நோக்கி இறங்கும். பத்து நிமிடம் இருக்கும்போது யு.சி.எல்.ஏ. ஒன்று அடித்தது. அப்புறம் அரங்கமே சேர்ந்து வினாடிகளை எண்ணிக் கொண்டிருந்தது. 16 வினாடி இருக்கும்போது ஒரு கார்னர், ஒரு தலை, 2-2. என் மகள் என் கையைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்துவிட்டது. நான் ஆசாசாவைப் பார்த்தேன். மற்றவர்கள் துள்ளிக்கொண்டிருந்தபோது கூடுதல் நேரத்துக்குத் தயாராகக் கைகாட்டி ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். 107-ஆவது நிமிடத்தில் வென்ற கோல் வந்தது, 3-2. கல்லூரிப் பெண்கள் சாக்கரில், அதற்கு முன் வேறெங்கும் தலைமைக் கோச்சாக இராமல், அந்தப் பதவிக்கு வந்த முதல் வருடமே பட்டம் வென்றவர் அவருக்கு முன் யாரும் இல்லை. எங்கள் அணி தோற்றது எனக்கு வலித்தது. ஆனால் திரும்பி வரும்போது மகள் கேட்டது நார்த் கரோலினாவைப் பற்றி அல்ல, "அப்பா, அந்தக் கோச் முன்னால் என்ன செய்தாங்க?" என்று.

ஆகவே உங்கள் அண்ணன் மகளுக்கு நடைமுறையாகச் சில வார்த்தை. முதல் இரண்டு, மூன்று வருடம் சம்பளம் குறைவு, அதை வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பல கல்லூரிகளில் கிராஜுவேட் அசிஸ்டென்ட் என்ற வேலை உண்டு: கோச்சிங்கில் உதவிக்கொண்டே மேற்படிப்புப் படிக்கலாம், கட்டணத்தைக் கல்லூரி ஏற்கும். அது எம்.எஸ். பட்டமும் கையில் தரும் என்பதால் வீட்டுப் பெரியவர்களைச் சமாதானப்படுத்த நல்ல வழி. விசா விஷயம் அவள் நிலையைப் பொறுத்தது, கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் முதலிலேயே கேட்கச் சொல்லுங்கள். எந்தக் கல்லூரி என்று பார்ப்பதற்கு முன் அங்கே தலைமைக் கோச் யார், அவரிடம் அசிஸ்டென்டாக இருந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். டிவிஷன் 3 என்ற கீழ்மட்டக் கல்லூரி என்று ஒதுக்க வேண்டாம். சின்ன அணியில் ரெக்ரூட்டிங்கிலிருந்து பஸ் ஏற்பாடு வரை எல்லாம் கையால் செய்து பழகலாம்.

நவம்பரில் பல அணிகளின் சீசன் முடிந்ததும் கோச்சுகள் மாறுவார்கள், ஒருவர் நகர்ந்தால் அவர் அசிஸ்டென்டுகளும் நகர்வார்கள். டிசம்பர், ஜனவரியில்தான் காலி இடங்கள் அதிகம் வரும். அதற்குள் அமெரிக்க சாக்கர் சம்மேளனத்தின் லைசென்ஸ் வகுப்பில் முதல் படியையாவது முடித்து வைத்திருந்தால் விண்ணப்பத்தில் எழுத ஒன்று இருக்கும். தன் கோச்சிடம் இப்போதே போய், சீசன் முடிந்ததும் வீடியோ வெட்டும் வேலையையாவது எனக்குக் கொடுங்கள் என்று கேட்கச் சொல்லுங்கள்.